ஒற்றை வரி பில்லும் பாதி மாடல் எண்ணும்

‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1. ரூ. 52,000.’

கேமிங் சிஸ்டம் வாங்கிய பலரிடம் இருக்கும் பில்லில் இந்த ஒரு வரிதான் இருக்கும். சிலரிடம் அதுவும் இருக்காது. கடையின் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் பேனாவில் கூட்டிப் போட்ட தொகை மட்டும் இருக்கும். ஆறு மாதத்தில் கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டால், எந்த மாடல், என்ன சீரியல் எண், எத்தனை வருட வாரன்டி என்று சர்வீஸ் சென்டரில் கேட்பார்கள். இந்த வரியில் அதற்கெல்லாம் பதில் இல்லை.

விளையாடவும் வேண்டும், விளையாடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்டவும் வேண்டும், கையில் இருப்பதோ ஐம்பதாயிரம் சொச்சம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு இப்படி வருகிற பிள்ளைகள் பேரத்தில் ஒன்றும் சோடை போவதில்லை. நாலு கடை ஏறி இறங்கி ஐந்நூறு, ஆயிரம் குறைத்துவிடுகிறார்கள். மாடல் எண்ணை மட்டும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குறைத்த ஆயிரத்தைப் போல பல மடங்கு அங்கே போய்விடுகிறது.

‘ஆர்டிஎக்ஸ் 3050’ என்று கேட்டு வாங்குகிறீர்கள். அந்தப் பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 8 ஜிபி கார்டில் 2,560 கோர்கள், 128 பிட் நினைவகப் பாதை. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர்கள், 96 பிட் பாதை. நினைவகம் 2 ஜிபி குறைந்ததோடு விஷயம் முடியவில்லை. கார்டே ஒரு படி கீழே. அதற்காக 6 ஜிபி கார்டைக் குப்பை என்று சொல்லமாட்டேன். 70 வாட்டில் ஓடும், தனியாக பவர் கேபிள் வேண்டாம், பழைய ஆபீஸ் சிஸ்டத்தில்கூடச் செருகலாம். 8 ஜிபிக்கான விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 3060-லும் இதே கதை: 12 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று, பெயர் ஒன்றே. ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவதில் ‘2048எஸ்பி’ என்ற வால் ஒட்டியிருந்தால் அது வேறு கார்டு. அசல் 580-ல் 2,304 ஸ்ட்ரீம் பிராசஸர்கள். ஜிடி 1030-ன் டிடிஆர்4 வகை, ஜிடிடிஆர்5 வகையின் நினைவக வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தரும். இவை எதுவும் போலி இல்லை. எல்லாம் கம்பெனியே போட்ட சரக்கு. ஆகவே ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று பிறகு போய் நின்றால், ‘3050 கேட்டீங்க, 3050 குடுத்தோம்’ என்ற பதிலை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது, பில்லில் ‘8 ஜிபி’ என்று எழுதி வாங்கியிருந்தாலொழிய.

ஸ்ட்ரீமிங் செய்பவருக்கு இன்னொரு கண்ணி. நேரலைக்குக் காட்சியை நொடிக்கு நொடி சுருக்கி அனுப்ப வேண்டும். அதற்கென்றே கிராபிக்ஸ் கார்டில் என்கோடர் என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400, ஜிடி 1030 ஆகிய மூன்றிலும் அது கிடையாது. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தில் இதை யாரும் அச்சடிப்பதில்லை. என்கோடர் இல்லாவிட்டால், நேரலையை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள் அந்த வேலையை பிராசஸர் தலையில் கட்டும். நாலு கோர் பிராசஸர் விளையாட்டையும் இழுத்து நேரலையையும் இழுத்து இரண்டிலும் திணறும். முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகளில் என்கோடர் உண்டு, ஆனால் முந்தைய தலைமுறையுடையது. குறைந்த செலவில் நேரலைதான் முக்கியம் என்றால் ஆர்டிஎக்ஸ் வரிசையில் எதை எடுத்தாலும் இந்தக் கவலை இல்லை. இன்டெல் ஆர்க் ஏ380 போன்ற சின்னக் கார்டில்கூட ஏவி1 என்கோடர் இருக்கிறது.

பிராசஸரில் ஒற்றை எழுத்தைப் பாருங்கள். ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் என்று ‘எஃப்’ வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கும் அப்படியே, 5600ஜி-க்கு உண்டு. எஃப் வாங்குவது தவறல்ல, காசு மிச்சம். ஆனால் கார்டு வாரன்டிக்குப் போய்த் திரும்பும் வாரக்கணக்கில் உங்கள் திரையில் ஒரு எழுத்துகூட வராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

‘கோர் ஐ7 கேமிங் பிசி’ என்று வியக்கும் விலையில் வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ7-2600 வந்தது 2011-ல், ஐ7-3770 வந்தது 2012-ல். இரண்டும் ஐ7தான், பொய் இல்லை. ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை முதல். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பார்கள். வலோரன்ட் விளையாட்டோ விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாமல் திறக்காது; இந்தப் பழைய சிஸ்டங்களில் அவை பொதுவாக இருக்காது. விளையாடத்தான் வாங்கினோம் என்பது அப்போது நினைவுக்கு வரும். பழைய, புதுப்பித்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. பழையது என்று சொல்லியே விற்றால் குற்றமில்லை.

இனி, யாரும் ஆசைப்பட்டு வாங்காத பொருள்: சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். பட்ஜெட் இடிக்கும்போது முதல் வெட்டு இதற்குத்தான் விழும். கேபினெட்டோடு சேர்ந்து வரும் பெட்டியின் மேல் ‘450’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் +12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். அங்கே உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் உண்மையான வாட் தெரிந்துவிடும். 14 ஆம்பியர் என்றிருந்தால் 168 வாட். ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 35, 36 ஆம்பியர் இருக்கும்; அதாவது 420 வாட்டோ அதற்கு மேலோ. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட், அதோடு 65 வாட் பிராசஸர், கூட்டினால் 197. 168-ல் எப்படி ஓடும்? கொஞ்ச நாள் ஓடும். விளையாட்டின் உச்சத்தில் ரீஸ்டார்ட் ஆகும். பிறகு ஒரு நாள் தானும் போய், மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். கருகிய தடம் இருந்தால் அந்த இரண்டுக்கும் வாரன்டி மறுக்கப்படலாம். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மை விலை அதுதான்.

‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான அளவுகோல். உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் நன்றாக இருக்கின்றன என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. ஸ்டிக்கரை யாரும் அச்சடித்து ஒட்டலாம் என்பதால், சான்று பெற்ற மாடல்களின் பட்டியலை அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டு பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஏறுகிறது என்றால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. கண்ணாடிக் கேபினெட்டும் ஏழு வண்ண விசிறிகளும் நேரலையில் அழகாகத் தெரியும், மறுக்கவில்லை. அந்தக் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ரேம் ஒன்றாக 16 ஜிபி வாங்குவதைவிட இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் வேகம் கூடும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. தயாரிப்பாளர்களின் கவனம் செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் பக்கம் போனதே முக்கியக் காரணம். விலை ஏறும்போது பழைய ரேமுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டும் ஆசையும் ஏறும் என்பதை மனதில் வையுங்கள். அடுத்தது இன்டர்நெட். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், நேரலைக்கு வேண்டியது அப்லோடு: நொடிக்கு 6,000 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி மேலே போகும்.

சரி, பணம் கட்டும் நேரம். “தம்பி, பில்லு வேணும்னா ஜிஎஸ்டி சேர்ந்து வரும், பரவால்லையா?” இந்தக் கேள்வி வரும். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஐம்பதாயிரத்துக்கு ஒன்பதாயிரம். சபலம் வரத்தான் செய்யும். ஆனால் பில் தர மறுப்பதே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் வாங்குங்கள், அதிலும் ஒற்றை வரியாக வேண்டாம். ஒவ்வொரு பாகமும் தனி வரியில், முழு மாடல் பெயரோடு, சீரியல் எண்ணோடு, வாரன்டி காலத்தோடு வரட்டும். கடைக்காரர் சலித்துக்கொள்வார். பத்து நிமிட வேலைதான். பணத்தைக் கடையின் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். விலைப்பட்டியல் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பில் இல்லாமல் மாட்டிக்கொண்டவருக்குக்கூட இவை ஓரளவு சாட்சியாகும்.

பெட்டியைப் புரட்டி இறக்குமதியாளர் ஸ்டிக்கரைத் தேடுங்கள். 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம்-வருடம் எல்லாம் இருக்க வேண்டும். ஸ்டிக்கரே இல்லையென்றால் சரக்கு வேறு வழியில் வந்திருக்கலாம். இந்தியாவில் கம்பெனி வாரன்டி கிடைக்காமல் போகலாம். எம்ஆர்பியில் இவ்வளவு தள்ளுபடி என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கிராபிக்ஸ் கார்டுகளில் எம்ஆர்பி பெரும்பாலும் சந்தை விலையைவிட எட்டாத உயரத்தில் இருக்கும். பிராசஸரை சீல் உடைக்காத பெட்டியில் வாங்கினால் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பொதுவாக மூன்று வருடம் தருகின்றன. பெட்டியில்லாத ‘டிரே’ பிராசஸருக்கு விற்றவரின் வாய்மொழிதான் வாரன்டி. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புதிய பெயர் சூட்டியிருந்தால் பல வகைகளை அது ‘போலி’ என்று காட்டிக்கொடுக்கும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. கார்டுக்குப் பதில் கல் வந்தால் உங்களுக்கே வேண்டியிருக்கும்.

பொருள் பழுதாக வந்தால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் 2019 சட்டத்தின் நேர்மையற்ற வணிக நடைமுறைப் பட்டியலில் இருக்கிறது. மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இதில் அடங்காது. ஆன்லைன் தளம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதற்கும் மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வழக்குக்கு முந்தைய சமரசம் அங்கே நடக்கும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

யூடியூபில் சம்பாதிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் தானே பயன்படுத்துபவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. புகாரிலேயே அதை எழுதிவிடுங்கள். கம்பெனி பெயரில், ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கியிருந்தால் வாதம் கடினமாகும்.

செகண்ட் ஹேண்டுக்கு வேறு கணக்கு. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை இரவு பகலாக அதற்குச் சுரங்க வேலை (மைனிங்) செய்த கார்டுகள் சந்தையில் கொட்டின. அப்படி உழைத்த கார்டு எல்லாமே செத்ததல்ல. அரை மணி நேரம் கண்ணெதிரே விளையாட்டை ஓட்டிப் பார்த்து, பழைய பில்லையும் கேட்டு வாங்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அவர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கைகொடுக்காது. முன்பணம் வாங்கிக்கொண்டு கூரியர் அனுப்பாமல் மறைந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றம். காவல் நிலையத்துக்குக் கிளம்புமுன் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழி உண்டு.