படகு எஞ்சினில் தீப்பொறியின் நேரம்

படகினுள் பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின் துறையில் கட்டிக் கிடக்கும்போது சீராக ஓடுகிறது. முகத்துவாரத்தில் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லுங்கால் மட்டும் வலுவிழந்து சூடேறுகிறது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று தீப்பொறி நேரம் தவறித் தோன்றுதல். இதைச் சோதிக்க ஒரு சிறு மின்விளக்கே போதும். (டீசல் எஞ்சினில் தீப்பொறியே இல்லையாதலின், இங்குக் கூறுவன அதற்குப் பொருந்தா.)

உருளைக்குள் உள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சிறிது காலம் பிடிக்கிறது. ஆகவே, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி தோன்றுதல் வேண்டும். இந்த முந்துதலைக் கிராங்குத் தண்டு திரும்பும் பாகைகளால் அளப்பர். எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்று ஓடினால், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் தண்டு 3.6 பாகை திரும்பும். 3,000 சுற்று ஓடினால் அதே நேரத்தில் 18 பாகை திரும்பும். வேகம் கூடுந்தோறும் முந்துதலும் கூட வேண்டுவதன் காரணம் இதுவே. டிஸ்ட்ரிபியூட்டரினுள் உள்ள சிறு எடைகள் மையவிலக்கு விசையால் விரிந்து இவ்வேலையைத் தாமே செய்கின்றன.

மோட்டார் வண்டிகளில் பழகிய மெக்கானிக்குகள் சிலர், எஞ்சினில் மெல்லிய 'டிக்' ஒலி கேட்கும் வரை நேரத்தை முந்தவைத்துப் பின்னர்ச் சிறிது குறைப்பர். படகுக்கு இம்முறை ஆகாது. சமதரையில் ஓடும் வண்டி தன் ஆற்றலில் ஒரு பகுதியையே செலவிடுகிறது. படகோ ஓயாது மேடேறும் வண்டியை ஒத்தது. விசிறியின் சுழல்வேகம் இருமடங்கானால் அதற்குத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. இப்பாரத்தில் நேரம் அளவுமீறி முந்தினால் கலவை இடித்தெரிந்து பிஸ்டனின் தலையை அரிக்கும். அந்த ஒலியோ படகின் இரைச்சலில் காதில் விழாது. நேரம் பிந்தினால் வெப்பம் வீணே வெளியேறி, புகைவாயில் வால்வைச் சுடும். எஞ்சினுக்குரிய கையேட்டில் குறித்த பாகையே கொள்ளத்தக்கது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்று கவனித்தற்குரியது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து, காற்றூதியை நான்கு நிமிஷமேனும் ஓட்டி, மோந்து பார்த்த பின்னரே சாவியைத் திருப்புதல் வேண்டும். வாடை சிறிதேனும் இருந்தால், கசிவைக் கண்டு நீக்கும் வரை மின்சாரத்தைத் தொடலாகாது. படகுக்கென அமைந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக மலிவு கருதி வண்டியினுடையதை மாட்டுவதும் இக்காரணத்தாலேயே ஆபத்தாகும்.

முதலில் 'பாயிண்ட்' எனப்படும் தொடர்பு முனைகளின் இடைவெளியைச் சரிசெய்க. இடைவெளி மாறினால் நேரமும் மாறுமாதலின், இவ்வரிசையை மாற்றலாகாது. கியரை நடுநிலையில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முதல் உருளையின் துளையைக் கட்டைவிரலால் மூடி, எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் திருப்புக. காற்று விரலைத் தள்ளும்போது அது அமுக்க வீச்சு என அறியலாம். சக்கரத்திலுள்ள குறி, கையேடு கூறும் பாகைக்கு நேராக வரும்போது நிறுத்துக. குறி தாண்டிவிட்டால் நன்கு பின்னே திருப்பி, மீண்டும் முன்னோக்கியே கொணர்க. இல்லையேல் பற்சக்கரங்களின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும்.

காயிலின் நடுக்கம்பியைக் கழற்றி எஞ்சின் உடலோடு இணைத்திடுக. காயிலில் பாயிண்டுக்குச் செல்லும் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே விளக்கைப் பூட்டிச் சாவியைத் திருப்புக. பாயிண்ட் மூடியிருந்தால் விளக்கு எரியாது, திறந்தவுடன் எரியும். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, அதன் உடலை ரோட்டர் சுழலும் திசையில் விளக்கு அணையும் வரை திருப்பி, பின்னர் எதிர்த்திசையில் மெல்லத் திருப்புக. விளக்கு எரியும் அந்த இடமே சரியான இடம். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்திலேயே சுழல்வதால், உடலை ஒரு பாகை அசைத்தால் நேரம் இரண்டு பாகை மாறும். பிடியை இறுக்கியபின் மறுமுறையும் சோதித்தல் நன்று. இறுக்கும்போதே உடல் நகர்ந்துவிடுவதுண்டு. சாவியை உடனே அணைக்காவிடில் காயில் சூடேறும்.

எஞ்சின் ஓடும்போது மின்னும் விளக்கால் பார்த்தால், சுழலும் குறி அசையாது நிற்பதுபோல் தோன்றும். ஆசிரியர்கள் வகுப்பில் காட்டத்தக்க காட்சி இது. வேகத்தைக் கூட்டினால் குறி முந்துதலின் பக்கம் நகர வேண்டும். நகராவிடில் உள்ளிருக்கும் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். உப்புக் காற்றில் இது அடிக்கடி நேர்வது. இச்சோதனையின்போது குளிர்விக்கும் நீர் ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். நீரின்றி ஓடினால் பம்பின் ரப்பர்ச் சக்கரம் சில நிமிஷங்களில் கிழிந்துவிடும்.