டிக் அடிக்காத கட்டம் 'இல்லை' என்று சொல்கிறதா? ஆன்லைன் விண்ணப்பங்களில் செக்பாக்ஸ் செய்யும் வேலை

போளூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் முக்கிய ஊர். சுற்றியுள்ள கிராமங்களில் பெரும்பாலும் வாழ்பவர்கள் 'மலையாளி' பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளம் என்று நினைக்க வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்.

இங்கிருந்து ஒரு மாணவி வேலூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார். பெயர், மதிப்பெண் எல்லாம் டைப் செய்தாயிற்று. மிச்சம் இருப்பது நான்கைந்து சின்னக் கட்டங்கள். "டிக் அடிச்சுட்டா முடிஞ்சுது" என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

டிக் இல்லை என்றால் என்ன போகும்?

எதுவுமே போகாது. எச்.டி.எம்.எல். படிவத்தில் ஒரு செக்பாக்ஸை டிக் செய்தால்தான் அதன் பெயரும் மதிப்பும் சர்வருக்குப் போகும். டிக் செய்யாத கட்டம் 'இல்லை' என்று சொல்வதில்லை. அப்படி ஒரு கட்டம் இருந்த தடயமே சர்வருக்குக் கிடைக்காது.

'பழங்குடியினர் பிரிவைச் சேர்ந்தவரா?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு செக்பாக்ஸ் இருக்கிறது; மாணவி அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டார். சர்வரில் உள்ள புரோகிராம் பெரும்பாலும் இதை 'இல்லை' என்றே எழுதிக்கொள்ளும். 'இல்லை' என்று சொன்னவரும் கேள்வியைப் பார்க்காதவரும் அதன் கணக்கில் ஒன்றுதான். கையில் சாதிச் சான்று இருந்தும் விண்ணப்பம் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும்.

இதற்குத் தீர்வு எளிது. பதில் கட்டாயம் தேவைப்படும் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு ரேடியோ பட்டன்கள் வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் மேலே போக முடியாதபடி செய்ய வேண்டும். பலவற்றில் எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்ற இடத்துக்கும், 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்துக்கும்தான் செக்பாக்ஸ் பொருத்தம்.

'நிரந்தர முகவரியும் இதுவே'

ஏறக்குறைய எல்லாப் படிவங்களிலும் இருக்கும் கட்டம் இது. விடுதி முகவரியை எழுதிவிட்டு அவசரத்தில் இதை டிக் செய்தால், ஜவ்வாது மலை மாணவி காகிதத்தில் வேலூர்க்காரர் ஆகிவிடுவார். சான்றிதழில் ஒரு மாவட்டம், விண்ணப்பத்தில் இன்னொரு மாவட்டம்.

ஜவ்வாது மலையில் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். மலையின் ஒரு பகுதி திருவண்ணாமலை மாவட்டத்திலும், புதூர்நாடு பக்கம் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருக்கிறது. திருப்பத்தூர் 2019 நவம்பரில்தான் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பழைய ஆவணங்களில் 'வேலூர்' என்றே இருக்கும்.

படிவத்தை உருவாக்குபவர்கள் செய்யும் தவறும் உண்டு. டிக் செய்ததும் நிரந்தர முகவரிப் பெட்டிகளை முடக்கிவிடுவார்கள். முடக்கப்பட்ட பெட்டிகளில் உள்ளதும் சர்வருக்குப் போகாது. திரையில் முகவரி தெரியும், பதிவில் வெற்றிடம் இருக்கும். முடக்குவதற்குப் பதிலாக 'படிக்க மட்டும்' என்று மாற்றினால் விவரம் ஒழுங்காகப் போய்ச் சேரும். இன்னொன்று: டிக் செய்த பிறகு மேலே உள்ள முகவரியைத் திருத்தினால், கீழே நகலெடுத்ததும் மாறுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

விரலுக்கு எட்டுகிறதா?

போனில் சின்னக் கட்டத்தைத் தொடுவது பலருக்குப் பாடு. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல்தன்மை விதிமுறை 2.2, தொடும் இடம் பொதுவாகக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. கட்டத்தின் பக்கத்தில் உள்ள வாசகத்தை 'லேபிள்' மூலம் இணைத்துவிட்டால், வாசகத்தைத் தொட்டாலே டிக் விழும். பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பானும் அந்த வாசகத்தைப் படித்துச் சொல்லும்.

முன்கூட்டியே விழுந்த டிக்

"சம்மதம்" கட்டத்தில் நிறுவனமே டிக் போட்டு வைத்திருந்தால் அது சம்மதமா? இல்லை என்று 2019 அக்டோபர் 1 அன்று 'பிளானட்49' வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ம், ஒப்புதல் என்பது ஒருவர் தெளிவாகத் தானே செய்யும் செயலாக இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும்.

கேட்காமலே கூடையில் பொருளையோ நன்கொடையையோ சேர்ப்பதையும், 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. அவை பட்டியலிடும் 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று.

அனுப்பும் முன்...

இ-சேவை மையத்தில் வேறொருவர் நிரப்பும்போது "எந்தெந்தக் கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க, ஒருதடவை படிச்சுக் காட்டுங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம். பிழை காட்டி பக்கம் மறுபடி திறந்தால், முன்பு போட்ட டிக்குகள் அழிந்திருக்கலாம்; திரும்பப் பாருங்கள். முன்னோட்டப் பக்கத்தில் பிரிவு, மாவட்டம், விடுதி வசதி ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே 'சமர்ப்பி' பட்டனைத் தொடுங்கள். ஒரு டிக்கைத் திருத்த மலையிலிருந்து இறங்கி வந்தால், ஒருநாள் கூலி போய்விடும்.