சக்கரத்தின் மேல் ஒரு வீடு

கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்து மலைப்பகுதிக்கோ வேல்ஸ் கடற்கரைக்கோ சென்றுவர விரும்பும் பிரித்தானிய வாழ் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சில கவலைகள் உண்டு. ஹலால் உணவு கிடைக்குமா, ஒளூச் செய்யத் தண்ணீர் இருக்குமா, பெண்கள் தொழுவதற்கு மறைவிடம் உண்டா என்பனவே அவை. இவற்றை ஒருசேரத் தீர்ப்பது மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டி. அடுப்பு, குளிர்பெட்டி, படுக்கை, கழிப்பறை யாவும் அதனுள்ளேயே அடங்கிவிடும். அங்கு வாழும் உங்கள் மகனோ மருமகனோ புதிதாக ஒன்றை வாங்கியிருந்தால், பார்க்கச் செல்லும் நீங்களும் அதில் ஏறத்தான் போகிறீர்கள். எனவே இது ஓட்டுபவர் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று.

பல ஆண்டுகள் கார் ஓட்டிப் பழகியவர் இதனையும் சற்றுப் பெரிய கார் என்றே எண்ணிவிடுகிறார். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் எடையைக் கவனியுங்கள். 1997 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர், டீசல் வண்டியாயின், பொதுவாக 3,500 கிலோ வரையுள்ளதையே ஓட்டலாம். இது வெறும் வண்டியின் எடையன்று. ஆட்களும் சாமான்களும் ஏறிய பின் இருக்கத்தக்க உச்ச எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியில் 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ போயிற்று. அதன்மேல் நான்கு பேர், எரிவாயு உருளை, மிதிவண்டிகள், அரிசி மூட்டை! (நம் வீடுகளில் ஒருநாள் பயணத்துக்கே ஒரு மாதச் சாமான் கட்டுவோம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?) எடை மிஞ்சினால் பிரேக் பிடித்தும் வண்டி நிற்க நெடுந்தூரமாகும், டயர் வெடிக்கவும் கூடும். எல்லாவற்றையும் ஏற்றிய பின் எடைமேடையில் நிறுத்துப் பாருங்கள். பின் அச்சின் எடையைத் தனியே பார்ப்பதும் அவசியம்.

உயரமும் அவ்வாறே. இவ்வண்டிகள் பல 3 மீட்டரை ஒட்டிய உயரமுடையவை. பிரித்தானிய ரயில் பாலங்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வாகனங்கள் மோதுகின்றன. கூரைமேல் உள்ள ஆண்டெனாவையும் சேர்த்து அளந்து, அடியிலும் மீட்டரிலும் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டிவிடுங்கள்.

பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதி, வலப்புறம் திரும்புகையில் இடப்புறமாக வெளியே வீசும். ஆளில்லாத மைதானத்தில் வாளிகளை வரிசையாக வைத்து அரைநாள் பழகினால் இது கைவந்துவிடும். பின்னோக்கி நகர்த்துகையில் ஒருவர் கீழே இறங்கி நின்று சைகை காட்டட்டும். பெரும்பாலும் அப்பொறுப்பு மனைவிக்கே வரும். சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் அவர் தென்படாத அந்நொடியே வண்டி நின்றாக வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது ஓடும்போது உள்ளிருப்போர் நிலை. உள்ளே வீடு போலவே இருப்பதால் தேநீர் போட எழுவதும், பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொள்வதும் இயல்பாகத் தோன்றும். திடீரெனப் பிரேக் போட்டால் அப்பிள்ளை கட்டிலிலிருந்து ஓட்டுநர் இருக்கைவரை எறியப்படும். அடுப்பின்மேல் வைத்த கெண்டியும் அப்படியே. கட்டிலின் எண்ணிக்கையைப் பார்த்து ஆட்களை ஏற்றாதீர்கள். இருக்கை வார் எத்தனை உண்டோ அத்தனை பேரே செல்லலாம். 12 வயது நிரம்பாத, 135 சென்டிமீட்டர் உயரத்தை எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை வேண்டுமென்பது அந்நாட்டுச் சட்டம். அதைப் பக்கவாட்டில் நோக்கிய இருக்கையில் பொருத்தலாகாது. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனிடம் ஒப்படைக்க எண்ணியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை நாமறிந்ததுதானே!

புறப்படுமுன் எரிவாயு உருளையின் வால்வை மூடுங்கள். இரவில் குளிர் தாங்காமல் சமையலடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே உலை வைக்கும். அதிலிருந்து எழக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனைக் கண்டறிந்து ஒலிக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. இஷாத் தொழுதுவிட்டுப் படுக்குமுன் அதன் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.