பாலாடையும் வாயுச் சவ்வும்

காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படிகிறது. வாயுக்களைப் பிரிக்கும் பாலிமர் சவ்வின் அமைப்பையும் இதைக் கொண்டே விளக்கிவிடலாம்.

சாண எரிவாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு மீத்தேன். எஞ்சியது பெரும்பாலும் எரியாத கரியமில வாயு. செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வின் ஒரு புறம் இக்கலவையை அழுத்தத்துடன் செலுத்தினால், கரியமில வாயு சவ்வில் கரைந்து, மீத்தேனை விடப் பன்மடங்கு விரைவாக மறுபுறம் சென்றுவிடும். ரப்பர்ப் படலத்தில் வாயுக்கள் இவ்வாறு கரைந்து ஊடுருவுவதைத் தாமஸ் கிரஹாம் 1866இலேயே விளக்கினார். ஆனால் சவ்வு தடித்தால் வாயு மெல்லச் செல்லும், மெலிந்தால் கிழியும். ஏறத்தாழ நூறாண்டுகள் இதுவே முட்டுக்கட்டை.

1960ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், கடல்நீரைக் குடிநீராக்க முயன்ற இருவர் வழி கண்டனர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர், திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கியதால் திருவரங்கத்தாருக்கு அந்நியமாகத் தோன்றாத இந்தியர், சீனிவாச சௌரிராஜன். அசிட்டோன் கலந்த செல்லுலோஸ் அசிட்டேட் கரைசலை மெல்லப் பரப்பி, கரைப்பானைச் சிறிது ஆவியாக விட்டு, பனிநீரில் அமிழ்த்தினர். மேற்பரப்பு கெட்டியான ஆடையாயிற்று. அடிப்பகுதி நுண்துளைப் பஞ்சாயிற்று. ஆடை பிரிக்கிறது, பஞ்சு தாங்குகிறது.

இனி, செய்முறையின் விளைவுகளைப் பார்ப்போம். கரைசலில் பாலிமர் செறிவு கூடினால் ஆடை தடித்து, வாயுவின் வேகம் குறையும். ஆவியாகும் நேரம் மிக நீண்டால் சவ்வு முழுவதுமே கெட்டித்துவிடும். காற்றின் ஈரமும் முக்கியம். அசிட்டோன் ஆவியாகும்போது படலம் குளிரும்; ஈரக்காற்றின் நீர் அதில் படிந்தால், தெளிவான படலம் வெளுத்துப்போகும். சித்திரை வெயிலில் செய்ததும் ஐப்பசி மழையில் செய்ததும் ஒன்றாகா! நனைந்த சவ்வை அப்படியே உலர்த்தினால் நீரின் பரப்பு இழுவிசை நுண்துளைகளை நசுக்கிவிடும். எனவே நீரை முதலில் ஆல்கஹாலாலும் பின்னர் ஹெக்சேனாலும் மாற்றிய பிறகே உலர்த்துவர்.

ஊசித்துளை ஒன்றிருந்தாலும் வாயு பிரியாமலே ஓடிவிடும். மான்சான்டோ நிறுவனம் 1980ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்த ஹைட்ரஜன் பிரிக்கும் சவ்வில், இத்துளைகளைச் சிலிகோன் ரப்பர்ப் பூச்சால் அடைத்தனர்.

கூழ் வற்றல் போடும் நம் தாய்மார்கள் வானத்தைப் பார்த்த பின்பே மாவு கிண்டுகிறார்கள். நாமும் சோதனைச் சாலையில் புட்டியின் பெயரை மட்டும் எழுதாமல், அன்றைய வெப்பம், ஈரப்பதம், காத்திருந்த நிமிடங்கள் ஆகியவற்றையும் ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். ஒரே புட்டியிலிருந்து இருவர் செய்த சவ்வுகள் வேறுபட்டால், விடை அங்கேதான் கிடைக்கும்.