நல்ல மனுசன் ஏன் தீப்பந்தம் தூக்குகிறான்?

"நல்ல பொடியன்தாங்க, இவனா கடைக்குத் தீ வச்சான்?" கலவரம் ஓய்ந்த பிறகு நாம் கேட்கும் கேள்வி இது.

1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட நம் சொந்தங்கள் பலர் திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறினார்கள். அங்கேயும் 1983 ஜூலை வந்தது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 23ஆம் திகதி 13 இராணுவத்தினர் கொல்லப்பட, மறுநாள் இரவே கொழும்பு எரியத் தொடங்கியது. திருகோணமலையிலோ வதந்தி பரவியது. "யாழ்ப்பாணம் புலிகள் கையில போயிருச்சு, காரைநகர் கடற்படை முகாம் அழிஞ்சு போச்சு" என்றார்கள். இரண்டும் பொய். ஆனால் துறைமுக முகாமிலிருந்து கடற்படையினர் கிளம்பி, பிரதான வீதி, டொக்யார்ட் வீதி என்று தீ வைத்துக்கொண்டே போனார்கள்.

அவர்கள் பேய்களா? இல்லை. ஊரில் தாய் தகப்பன் உள்ள பிள்ளைகள்தான். அவர்களை மாற்றியவை என்ன?

முதலாவது பயம். "நாம முந்தாட்டி அவன் முந்திருவான்" என்று நம்பியவனுக்கு அடிப்பதும் தற்காப்பாகவே தெரியும்.

இரண்டாவது கூட்டம். தனியே நிற்கும்போது உறுத்தும் மனசு, "எல்லாருந்தானே செய்றாங்க" என்றதும் அடங்கிவிடும்.

மூன்றாவது, கேட்பார் இல்லாமை. கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைப் பார்த்துத் தமிழர் வீடுகளைத் தேடின. பொலிசார் பல இடங்களில் சும்மா நின்றார்கள். அப்படியானால் அது வெறும் திடீர்க் கோபம் அல்ல. பின்னால் ஏற்பாடும் இருந்தது.

அதே ஜூலையில் எத்தனையோ சிங்களக் குடும்பங்கள் தமிழ் அயலவரை வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றின. அவர்களும் அதே வதந்தியைக் கேட்டவர்கள்தான். ஆனால் இனத்தைப் பார்க்காமல், தெரிந்த முகத்தைப் பார்த்தார்கள்.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2018 பெப்ரவரியில், அம்பாறை முஸ்லிம் உணவுக்கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய பேச்சால் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு சோதித்துப் பார்த்தால் அது வெறும் மாவுக் கட்டி! சில நாட்களில் கண்டி திகனயும் எரிந்தது.

"நம்ம ஆளுங்க அப்படிச் செய்யமாட்டாங்க" என்று நாம் இறுமாந்து இருக்க வேண்டாம். நாளை நம் கைபேசிக்கும் ஒரு செய்தி வரலாம். "கண்ணால பார்த்தது யாரு?" என்று முதலில் கேட்போம். பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்துவோம். லயத்தில் ஒருவர் துணிந்து "வேணாம்பா" என்றால், பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் தயக்கம் வரும். அந்த ஒருவர் நாமாக இருப்போம்.