உங்களுக்குத் தெரியுமா?

டிரம்ஸ் சிவமணிக்கு ஜாஸிலும் ஆழமான வேர் உண்டு. 1959-ல் சென்னையில் பிறந்தவர். தந்தை எஸ்.எம்.ஆனந்தனும் சினிமா இசைக்குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர்தான். 11 வயதிலேயே தொழிலுக்கு வந்துவிட்ட சிவமணிக்கு ஆதர்சம், அமெரிக்க ஜாஸ் டிரம்மர் பில்லி கோபம். பில்லி கோபம் 1970-களில் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். அதே மெக்லாஃப்லின் பின்னர் 'சக்தி' குழுவில் நம் விக்கு விநாயக்ராமின் கடத்தை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார்.

1990-ல் மும்பை ரங்பவனில் ஜாகிர் உசேன், திரிலோக் குர்டு இருவரோடும் சிவமணி மேடையேறினார். அதுதான் பெரிய திருப்பம். ஜாஸ் பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸுடனும் நிறைய வாசித்திருக்கிறார்.

அவர் கையில் சூட்கேஸும் தண்ணீர் கேனும்கூடத் தாளவாத்தியம்தான். குச்சி விளிம்பில் பட்டால் ஒரு நாதம், நடுவில் பட்டால் இன்னொன்று. அந்த வேறுபாட்டைப் பிடித்து, கேட்கிறவர்கள் கண்முன்னே ஒரு தாளத்தைக் கட்டி எழுப்பிவிடுவார். ஜாஸின் உயிரான மனோதர்மம் இதுவே. டிவி முன் உட்கார்ந்து ஐபிஎல் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கும் சேப்பாக்கம் மைதானத்து கேலரியிலிருந்து வந்த அவர் அடி நன்கு பழக்கம்.

2014-ல் 'அரிமா நம்பி' படத்துக்கு இசையமைத்தார். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார்.