டூல் கிட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

கம்ப்யூட்டரை நாமே பிரித்துப் பார்க்கலாம் என்ற ஆசை வந்ததும் பலரும் முதலில் செய்வது, ஒரு பெரிய டூல் கிட் வாங்குவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். 100-க்கும் மேற்பட்ட பிட்டுகள், அழகான பெட்டி, விலை 499 ரூபாய்.

பாடியில் எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், தன் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யக் கொண்டு வந்தார். பட்டறையின் டேலி கணக்கு முழுவதும் அதில்தான். பிராசஸர் ஃபேனின் ஸ்க்ரூ இறுகிப் போயிருந்தது. அழுத்தித் திருகினேன். பிட்டின் முனை மழுங்கி, வழுக்கி, மதர்போர்டில் ஒரு கோடு போட்டது. அதன் பிறகு போர்டு ஆன் ஆகவே இல்லை. ஹார்டு டிஸ்க் தப்பியதால் கணக்கு பிழைத்தது. போர்டுக்கான பணத்தை நான்தான் கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

மாலையில் அந்தப் பட்டறைக்கு வந்து உட்காரும் பெரியவர் ஒருவர், தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (பாடியில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. லூகாஸ் டிவிஎஸ்ஸும், 1966-ல் போல்ட், ஸ்க்ரூ வகைகள் செய்யத் தொடங்கிய சுந்தரம் பாசனர்ஸும் இங்கேதான்.) என் பிட் ஒன்றை எடுத்து அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். தூள் கொட்டியது.

"நல்லா பதம் ஏத்துன இரும்பா இருந்தா அரம் வழுக்கிட்டுப் போகும், தம்பி. இது வெண்ணெய் மாதிரி இழுபடுது பாரு. வேலை வந்தப்புறம் அதுக்கான டூலை வாங்கு. ஒண்ணே ஒண்ணு வாங்கு, நல்லதா வாங்கு."

அன்றிலிருந்து அப்படித்தான் வாங்குகிறேன். முதலில் வேண்டியவை மூன்று ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்கள். கேபினெட்டுக்கு பிஎச் 2, டிவிடி டிரைவ், எஸ்எஸ்டி ஸ்க்ரூக்களுக்கு பிஎச் 1, லேப்டாப்புக்கு பிஎச் 0. டபாரியா போன்ற நம் நாட்டுத் தயாரிப்பே போதும். கழற்றிய ஸ்க்ரூக்களைக் கலந்துவிடாதீர்கள். கேபினெட் ஸ்க்ரூவின் மரை அங்குலத்துக்கு 32 சுற்று. டிவிடி டிரைவின் எம் 3 ஸ்க்ரூவில் சுற்றுக்குச் சுற்று அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. மாற்றித் திருகினால் மரை போய்விடும். பிரித்து வைக்க காலி மாத்திரை டப்பா போதும், இதற்கெல்லாம் காசு செலவழிக்காதீர்கள்.

அடுத்தது டிஜிட்டல் மல்டிமீட்டர். எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வர வேண்டும். 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. இந்த வேலைக்கு விலை குறைந்த மீட்டரே போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டின் 230 வோல்ட் லைனைத் தொடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தூசி தட்ட பெயின்ட் பிரஷ் போதும். பட்டறை கம்ப்ரஸரில் காற்று அடித்தால் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். பிரஷ் போடும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்னும் ஈயமும் முதல் வயர் அறுந்த பிறகு வாங்கினால் போதும். நெட்வொர்க் கேபிளுக்கான கிரிம்பிங் டூலை நான் இன்னும் வாங்கவில்லை. வருடத்தில் ஒரு நாள் தேவைப்படும், நண்பரிடம் வாங்கிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் அண்ணன் மறுபடியும் கம்ப்யூட்டரோடு வந்தார். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி மாறிவிடுகிறதாம். சிஆர் 2032 பேட்டரியை மீட்டரில் வைத்தேன். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.3 தான் இருந்தது. புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால், வேலை முடியும் வரை அண்ணன் உட்காரவே இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.